குடும்ப நல வழக்குகளில் சமரசம்

மணவிலக்குக் கோரும் தம்பதியரை நடுநிலையான சமரசர் முன் உட்காரவைத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் வளர்வது, நகைகளைத் திருப்பித் தருவது ஆகியவற்றை அவர்களே பேசி முடிக்கச் செய்யும் முறை. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். அறைக்குள் பேசியது வெளியே போகக்கூடாது.

குடும்ப நீதிமன்றச் சட்டம் (1984) இணக்கத்துக்கு முயலும் கடமையை நீதிபதிக்கே தந்தது. சென்னை உயர் நீதிமன்றச் சமரச மையம் 2005 ஏப்ரலில் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவுக்கே முன்னோடி. மணவாழ்க்கைத் தகராறுகளைத் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்புமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

சேர்த்துவைப்பது மட்டுமே வெற்றி என்று எண்ணுவோர் பலர். பெண்ணைச் சரிக்கட்டி அனுப்பிவிடும் ஆபத்தும் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. கௌரவமாகப் பிரிவதும் சமரசமே: ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இந்துத் தம்பதியர் உடன்பாட்டோடு இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மணவிலக்குக்குக் கூட்டு மனு போடலாம். அதன் பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு.