தம்பானூரில் நின்று பார்த்தால் கிழக்கு கீழே இல்லை

திருவனந்தபுரம் தம்பானூரில் தொடர்வண்டியை விட்டு இறங்கும் தமிழர் காதில் முதலில் விழும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று ‘கிழக்கேகோட்டை’. பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்திருந்த பழைய கோட்டையின் கிழக்கு வாயில் அது. தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடலாம். பேருந்து நடத்துநர்கள் ஓயாமல் கூவும் அந்தப் பெயரில் தமிழருக்கு விளங்காதது எதுவும் இல்லை. கிழக்கு என்பது கிழக்குதான்.

ஆனால் அந்தச் சொல்லையும் அந்த மண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். ‘கீழ்’ என்பதிலிருந்து கிழக்கும் ‘மேல்’ என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன. தாழ்ந்த பக்கம் கிழக்கு, உயர்ந்த பக்கம் மேற்கு. தம்பானூரிலோ நிலம் நேர்மாறாகக் கிடக்கிறது. கிழக்கே போகப் போகத் தரை உயர்ந்து, 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையில் முடிகிறது. மேற்கே போகப் போகத் தாழ்ந்து, சங்குமுகம் கடற்கரையில் அரபிக்கடலைத் தொடுகிறது. அங்கே ‘கிழக்கு’ மேலே இருக்கிறது.

ஆலப்புழையின் குட்டநாட்டில் இந்த முரண் இன்னும் வெளிப்படையானது. மழைக்காலத்தில் மலையிலிருந்து ஆறுகள் வழியே இறங்கிவந்து வயல்களை மூழ்கடிக்கும் நீரை அங்குள்ள உழவர்கள் ‘கிழக்கன் வெள்ளம்’ என்பார்கள். வேர்ச்சொல்லின்படி பொருள் கொண்டால் ‘தாழ்ந்த திசையிலிருந்து வரும் வெள்ளம்’ என்றாகும். அந்த நீர் வருவதோ உயரத்திலிருந்து.

இந்த முரணை மொழியியல் சான்றாக முன்வைத்தவர் ராபர்ட் கால்டுவெல். 1814இல் அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தவர். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. மலையாளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் திசைச்சொற்களைக் கையில் எடுக்கிறார். கிழக்கைக் ‘கீழ்’ என்று அழைக்கும் வழக்கம், மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நாட்டில்தான் தோன்றியிருக்க முடியும். மலையாளிகளின் நாட்டிலோ மலை கிழக்கே நிற்கிறது. ஆகவே அச்சொல்லை மலைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மலையாளம் தமிழிலிருந்து பிரிந்த கிளை என்ற தம் கருத்துக்கு இதையும் ஒரு துணையாக நிறுத்தினார். அவர் வாழ்ந்த இடையன்குடிக்கு மலை மேற்கே. கடல் கிழக்கும் தெற்குமாக. ‘மேல்’, ‘கீழ்’ இரண்டும் அங்கே பொருள் மாறாமல் நின்றன.

கால்டுவெல் சொன்னதை இன்று எவரும் ஒரே பகலில் சோதித்துப் பார்க்கலாம். செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை மீட்டர் பாதை 1904இல் வந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்தை எட்டியது. 1931இல் தம்பானூர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும் தெற்கே பாதை இல்லை. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் 1979இலும், நாகர்கோவிலையும் திருநெல்வேலியையும் 1981இலும் இருப்புப்பாதை இணைத்தது. அந்தப் பாதையில் தம்பானூரிலிருந்து புறப்படும் பயணிக்கு மலை முதலில் கிழக்கே தெரிகிறது. நாகர்கோவிலில் அது வடக்கே நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூர், நாங்குநேரி என்று வண்டி ஏறும்போது அதே மலை மேற்கே போய்விடுகிறது. சில மணி நேரத்தில் மலையின் தென்முனையை ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. ‘கிழக்கு’ என்ற சொல் தன் வேர்ப்பொருளை மீண்டும் பெறும் இடம் ஆரல்வாய்மொழி.

ஆறுகளும் இதையே சொல்கின்றன. ஒரே மலைத்தொகுதியில் பிறக்கும் தாமிரபரணி கிழக்கே இறங்கி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது; கரமனை ஆறு மேற்கே இறங்கி அரபிக்கடலில் கலக்கிறது. தாமிரபரணிக் கரையில் ‘கீழ்’ என்பது நீர் ஓடும் திசை. கரமனைக் கரையில் அது நீர் பிறக்கும் திசை.

இவ்வளவு தெளிவாக இருந்தும், இந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மக்களின் வரலாற்றை எழுதிவிட முடியுமா என்பது வேறு கேள்வி. தமிழர்–மலையாளி விவாதம் எங்கே எழுந்தாலும் ‘கிழக்கு’ ஓர் அம்பாக எய்யப்படுகிறது. ‘உங்கள் சொல்லே நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று காட்டிக்கொடுக்கிறது’ என்பது ஒரு தரப்பு. ‘எங்கள் மொழி உங்களுடையதன் கிளை அன்று’ என்பது மறுதரப்பு. இரு தரப்பும் கவனிக்கத் தவறும் செய்திகள் சில உண்டு.

முதலாவது, மலையாளத்தில் மேற்கைக் குறிக்கும் பொதுச்சொல் ‘படிஞ்ஞாறு’. படு ஞாயிறு, அதாவது மறையும் ஞாயிறு என்பதிலிருந்து வந்தது. கிழக்கு நிலத்தின் சரிவைக் கொண்டு பெயர் பெற்றது. மேற்கு ஞாயிற்றைக் கொண்டு பெயர் பெற்றது. கிழக்கேகோட்டைக்கு எதிர்ப்பக்க வாயில் ‘படிஞ்ஞாறேகோட்டை’. நாலுகெட்டு வீட்டின் நான்கு கட்டுகளும் கிழக்கினி, தெக்கினி, படிஞ்ஞாற்றினி, வடக்கினி. ஒரே வீட்டுக்குள் இரண்டு வகைத் திசையறிவு குடியிருக்கிறது.

இரண்டாவது, அண்டை மொழிகள். கன்னடத்தில் கிழக்கு ‘மூடண’, மேற்கு ‘படுவண’. துளுவில் ‘மூடாயி’, ‘பட்டாயி’. முளைப்பதும் படுவதுமான ஞாயிற்றைக் கொண்டு அமைந்த சொற்கள் இவை. துளுநாட்டின் நிலக்கிடப்பு கேரளத்தின் நிலக்கிடப்பேதான்: கிழக்கே மலை, மேற்கே கடல். அங்கே ‘கீழ்’ திசைப்பெயர் ஆகவில்லை. எனவே மலையாளம் மேற்கைப் பெயரிடுவதில் துளுவோடும் கன்னடத்தோடும், கிழக்கைப் பெயரிடுவதில் தமிழோடும் நிற்கிறது. ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் காட்டுபவர் பாதியை மறைக்கிறார்.

மூன்றாவது, தமிழிலேயே இவை மட்டும் திசைச்சொற்கள் அல்ல. சங்க நூல்களில் கிழக்குக்குக் ‘குணக்கு’ம் மேற்குக்குக் ‘குடக்கு’ம் வழங்கின. சேரநாட்டின் ஒரு பகுதிக்குக் குடநாடு என்ற பெயர் அதனால் வந்ததே. பல சொற்கள் போட்டியிட்டன. அவற்றுள் சில நின்றன. எது நின்றது என்பதற்கு நிலம் மட்டுமே காரணமாகாது.

நான்காவது, சொல் பயணம் செய்ய மக்கள் குடிபெயர வேண்டியதில்லை. கேரளத்தார் தங்கள் கிழக்கே நிற்கும் மலையை நூல்வழக்கில் ‘பச்சிமகட்டம்’ என்கிறார்கள். மேற்கு மலைத்தொடர் என்று பொருள். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் ஒரு படமாகப் பார்ப்பவருக்கே அது மேற்கு மலை. அந்தச் சொல்லைக் கொண்டு மலையாளிகள் அனைவரும் மலைக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்று எவரும் வாதிடுவதில்லை.

இவற்றோடு அரசியல் வரலாற்றையும் சேர்க்க வேண்டும். சேரர்களுக்கு மலை ஒரு மதிலாக இருக்கவில்லை. கரூரை அடுத்த புகளூரில் தமிழி எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் சேர இரும்பொறை மன்னர்களைக் குறிப்பிடுகின்றன; அதே மரபின் முசிறித் துறைமுகம் மேற்குக் கரையில் இருந்தது. மலையின் இரு பக்கமும் ஒரே பேச்சுக் குழுவினர் வாழ்ந்த காலத்தில், சமவெளியில் பிறந்த ‘கிழக்கு’ மேற்குக் கரையிலும் புழங்கியிருக்கலாம். அதற்கு ஒரு பெரும் குடிப்பெயர்வைக் கற்பிக்கத் தேவையில்லை.

அப்படியானால் கால்டுவெல் தவறினாரா? அவர் கண்ட முரண் உண்மை. மேற்கே உயர்நிலம் கொண்டவர்களிடையே அச்சொல் திசைப்பெயராக உருவாயிற்று என்ற முடிவும் வலுவானது. அதற்கு மேல் செல்லும்போதுதான் சான்று மெலிகிறது. மொழி உறவை நிறுவுபவை ஒரு சொல் அல்ல, இலக்கண ஒழுங்குகள். திருவனந்தபுரத்தில் பணியாற்றிய ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் ‘கேரளபாணினீயம்’ நூலில் இந்த வழியையே மேற்கொண்டார். 1896இல் வெளிவந்து 1917இல் திருத்தம் பெற்ற அந்நூல், தமிழிலிருந்து மலையாளம் விலகிய பாதையை ஆறு நெறிகளாக வகுத்தது. அவற்றுள் ஒன்று வினைமுற்றில் திணை, பால் ஈறுகள் மறைந்தது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது. மலையாளத்தில் அனைத்துக்கும் ‘வந்நு’ ஒன்றே. தம்பானூர் நடைமேடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், இந்த வேறுபாடு காதில் விழும்.

அதே நகரில் மெய்யியல் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீய’த்தின் தமிழ்த்தெய்வ வணக்கம், மலையாளம் உள்ளிட்ட மொழிகளைத் தமிழின் வயிற்றில் பிறந்தவையாகப் பாடுகிறது. கவிதைக்கு அது பொருந்தும். இன்றைய மொழியியலாளர் பலர் தாய்–மகள் உவமையைத் தவிர்த்து, தமிழும் மலையாளமும் பொதுவான பழைய நிலை ஒன்றிலிருந்து படிப்படியாகப் பிரிந்தவை என்கின்றனர். மலையாளத்தின் தனிக்கூறுகள் தென்படும் மிகப் பழைய ஆவணமாகக் கருதப்படும் வாழப்பள்ளிச் செப்பேடு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தப் பொதுநிலைக்கு என்ன பெயரிடுவது என்பதில்தான் சச்சரவு நீடிக்கிறது.

திசைச்சொல்லின் இந்தக் கதை ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. ‘டவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘கீழே’ என்று மொழிபெயர்த்துப் பழகியவர்களுக்கு அதன் பிறப்பு வியப்பளிக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘தூன்’ என்றால் குன்று. ‘குன்றிலிருந்து’ என்று பொருள்படும் ‘ஒஃப் தூனெ’ என்ற தொடர் தேய்ந்து ‘டவுன்’ ஆயிற்று. இங்கிலாந்தின் தென்பகுதியில் ‘சவுத் டவுன்ஸ்’ என்ற குன்றுத்தொடர் இன்றும் பழைய பொருளைத் தாங்கி நிற்கிறது. மேட்டைக் குறித்த சொல் தாழ்வைக் குறிக்கும் சொல்லாயிற்று. நகரத்தைக் குறிக்கும் மற்றொரு ‘டவுன்’, தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும், வேறு சொல். அடைப்பு, வேலி என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது.

குன்றை மறந்த பிறகு ‘டவுன்’ மூன்று அச்சுகளில் சுழலத் தொடங்கியது. முதலாவது நிலத்தின் சரிவு. இரண்டாவது நிலப்படம்: வடக்கு மேலே வரையப்படுவதால் தெற்கே போவது ‘டவுன்’. மூன்றாவது தலைமையிடம்: இங்கிலாந்தில் எந்தத் திசையிலிருந்து இலண்டனுக்குப் போனாலும் ‘அப்’, இலண்டனை விட்டு விலகினால் ‘டவுன்’. மான்செஸ்டர்க்காரர் இலண்டனுக்கு ‘டவுன்’ போகிறேன் என்றாலும் சரி. ‘அப்’ போகிறேன் என்றாலும் சரி. முன்னதில் நிலப்படத்தையும் பின்னதில் தலைநகரையும் அவர் மனத்தில் வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ‘டவுன்’ என்று எழுதும்போதும் நிலப்படமே பேசுகிறது. ‘டவுன் தி ரோட்’ என்றால் சரிவே வேண்டியதில்லை. சாலை வழியே சற்றுத் தள்ளி என்றுதான் பொருள்.

இந்திய இருப்புப்பாதைகள் இந்தச் சொல்லை இன்னும் குழப்பின. மும்பையை நோக்கி வரும் வண்டி ‘அப்’. ஹௌராவிலிருந்து கால்கா நோக்கிப் புறப்பட்ட புகழ்பெற்ற அஞ்சல் வண்டியோ ‘1 அப்’. ஹௌராவுக்குத் திரும்பியது ‘2 டவுன்’. ஓரிடத்தில் தலைநிலையத்தை நெருங்குவது ‘அப்’, மற்றோரிடத்தில் அதை விட்டு விலகுவது ‘அப்’. வண்டிகளுக்குத் தனித்தனி எண் வந்து, 2010 டிசம்பரில் அவை ஐந்திலக்கமான பின் பயணிகளுக்கு இச்சொற்கள் தேவைப்படவில்லை. தண்டவாளங்களுக்கு மட்டும் அப்பெயர்கள் தொடர்கின்றன.

பேருந்திலிருந்து இறங்குவதை இந்தியர் ‘கெட் டவுன்’ என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. இங்கிலாந்தில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். தமிழரும் மலையாளிகளும் பேருந்திலிருந்து ‘இறங்கு’கிறார்கள், அவர்கள் ஆங்கிலமும் இறங்குகிறது. பொதுத்தேர்வில் அது பிழையாகலாம். தம்பானூரில் இரு மொழிக்காரரும் ஒரே மாதிரி செய்யும் பிழை அது. ‘இறங்கு’ இரு மொழிக்கும் பொது என்பதற்கு அதுவும் சிறு சான்று.

2024இல் கொச்சுவேளி நிலையத்துக்குத் ‘திருவனந்தபுரம் வடக்கு’ என்றும் நேமம் நிலையத்துக்குத் ‘திருவனந்தபுரம் தெற்கு’ என்றும் பெயர் சூட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுப்புள்ளி தம்பானூர். திசைச்சொல் எப்போதும் ஒரு நடுப்புள்ளியைக் கேட்கிறது. அது மலையா, ஞாயிறா, நிலப்படமா, தலைநகரா என்பதைப் பேசுபவர் தீர்மானிக்கிறார், கேட்பவர் ஊகிக்கிறார். ‘கிழக்கு’ என்று சொல்லும் மலையாளி மலையைப் பார்த்துச் சொல்கிறார். அந்தச் சொல்லை முதலில் ஆண்டவர் மலைக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கும் இடையே இருக்கும் ஆண்டுகளைப் படிப்பது வரலாறு. ஒருவரை மற்றவருக்குக் கீழே நிறுத்துவதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.