நேசமணிக்குக் கிடைத்த பிரார்த்தனை

2019 மே மாதக் கடைசியில், கட்டடப் பொறியியல் படிப்பவர்களுக்கான முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஜமீன் பங்களாவில் நேசமணியின் மண்டை உடைந்தது இதனால்தான் என்றும் சேர்த்துவிட்டார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் அக்கறையாக விசாரித்தார். அதிலிருந்து கிளம்பிய ‘பிரே ஃபார் நேசமணி’ ஹேஷ்டேக் ட்விட்டரில் இந்திய அளவில் உச்சிக்கு ஏறி, உலக டிரெண்டிங்கிலும் இடம்பிடித்தது.

நேசமணி, சித்திக் இயக்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற பெயிண்டிங் காண்ட்ராக்டர் வேடம். அப்போதே பதினெட்டு வருடப் பழைய காமெடி. 1999இல் வந்த மலையாள மூலத்தில் அதே வேடத்தை ஜகதி ஸ்ரீகுமார் செய்திருந்தார். ஆகவே காட்சியின் சிரிப்பை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மே 30 மோடி இரண்டாம் முறை பதவியேற்ற நாள். அதை மறைக்கத் தமிழர்கள் செய்த வேலை இது என்று அப்போதே சிலர் எழுதினார்கள். ‘கோ பேக் மோடி’யை 2018 ஏப்ரலிலேயே டிரெண்ட் ஆக்கியவர்களுக்கு அந்த வித்தை கைவந்த கலைதான். ஆனால் அரசியல் பகடிக்கு நேசமணி எதற்கு? அதே வடிவேலுவின் புலிகேசி மன்னன் இருக்கிறாரே.

விடை நேசமணிக்காக வந்த மீம்களின் வடிவத்தில் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு, மருத்துவ அறிக்கை, வதந்திகளை நம்பாதீர், வாசலில் தொண்டர்கள்: இந்த நடை தமிழருக்கு மனப்பாடம். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை ஜெயலலிதாவுக்காக அப்போலோ வாசலிலும், 2018 ஜூலை, ஆகஸ்டில் கருணாநிதிக்காகக் காவேரி வாசலிலும் மாநிலமே காத்துக் கிடந்தது. அறிக்கைக்கு அறிக்கை நம்பிக்கையும் சந்தேகமும் மாறி மாறி வந்தன. அப்போது சிரிக்க முடியாதவர்கள், இல்லாத ஒரு நோயாளி கிடைத்ததும் அதே வாசகங்களை எடுத்து வெளுத்து வாங்கினார்கள். தலைவர்களை யாரும் கேலி செய்யவில்லை. கேலிக்கு ஆளானது பிரேக்கிங் நியூஸ்.

நோயாளி ஒரு காண்ட்ராக்டர் என்பதும் சும்மா அல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் போய் ஒப்பந்த வேலை பார்க்கும் இளைஞருக்கு, காண்ட்ராக்டர் என்பவர் சம்பளம் போடுகிறவர், பிடிக்கிறவர், நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லக்கூடியவர். முதலாளியைப் போல எட்டாத உயரத்தில் இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் நின்று அதட்டுகிறவர். நேசமணியும் அப்படித்தான்: பங்களாக்காரர் முன் குழைவார், ஆட்களிடம் எகிறுவார். அவர் தலையில் விழுவது அவருடைய ஆளே கைதவறவிட்ட சுத்தியல். அந்த விபத்துக்கு உலகமே பிரார்த்திப்பதுபோல் பாவனை செய்வதில், வேலைத்தள அதிகாரத்தைக் குத்திப்பார்க்கும் குறும்பு உண்டு.

ஆனால் சுத்தியலை நழுவவிட்ட கிருஷ்ணமூர்த்தியை, ரமேஷ் கண்ணா ஏற்ற அந்தப் பாத்திரத்தை, மீம்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. கைது செய் என்றன. சாரம் ஒழுங்காகக் கட்டப்பட்டதா, கீழே நின்றவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று அந்தப் பிரார்த்தனைக் கூட்டத்தில் கேட்கத் தோன்றவில்லை.