ஸ்டீயரிங்கின் கனம்: இந்தியச் சிறுகார்களில் ஒரு பழுதின் வரலாறு

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்பது இந்தியாவில் பழுதாகக் கருதப்படத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட்டிய தலைமுறைக்கு அது வண்டியின் இயல்பு. உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் உருவான அம்பாசடரில் ராக்-பினியன் அமைப்பு இருந்தது. பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100-இன் வழியில் உருவான பத்மினியில் வார்ம் கியர் இருந்தது. அமைப்பு வேறுபட்டாலும், ஓட்டுநரின் தோள்வலிமையன்றி வேறு துணை அவற்றுக்குத் தொடக்கத்தில் இல்லை. வளையத்தைப் பெரிதாக்கி நெம்பும் தொலைவைக் கூட்டியதே பொறியாளர் செய்த உதவி. நின்ற வண்டியில் திருப்பாதே, சற்று உருளவிட்டுத் திருப்பு என்று பழைய ஓட்டுநர்கள் கற்பித்ததில் பொருள் உண்டு. நிற்கும் டயர் தரையோடு உரசியபடி ஒரே இடத்தில் முறுக வேண்டும். உருளும் டயருக்கு அந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிடும்.

அக்கால வண்டிகளில் கனம் வழக்கத்தை மீறினால் பட்டறைக்காரர் முதலில் எடுத்தது கிரீஸ் துப்பாக்கியைத்தான். சக்கரம் திரும்பும் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. கிரீஸ் வறண்டால் மூட்டு இறுகும். பழுதும் மருந்தும் கண்முன்னே இருந்த காலம் அது.

துணை விசை என்னும் எண்ணம் அதற்கும் முந்தியது. அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்து லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை 1926-இல் ஓட்டிக் காட்டினார். செலவு மிகுதி என்று கார் உற்பத்தியாளர்கள் தயங்கினர். போர்க்கால வண்டிகளில் அது பயன்பட்டது. விற்பனைக்கான காரில் வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். இந்தியச் சிறுகார் அதற்காக மேலும் பல பத்தாண்டுகள் காத்திருந்தது.

1983-இல் வந்த மாருதி 800 ஒரு மாறுதலைக் கொணர்ந்தது. வண்டியை இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் முன்சக்கரங்களிடமே வந்தன. எஞ்சினின் பாரமும் முன்னால்தான். ஆயினும் முழு வண்டியே 650 கிலோ அளவில் இருந்ததால் துணை விசையின் தேவை உணரப்படவில்லை. பின்னாளில் இளைஞர்கள் பந்தயக் காரின் தோற்றத்துக்காகச் சிறிய ஸ்டீயரிங் வளையங்களைப் பொருத்தினார்கள். 38 செ.மீ. விட்டமுள்ள வளையத்தை எடுத்துவிட்டு 32 செ.மீ. வளையத்தைப் போட்டால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 19 விழுக்காடு கூடும். அகல டயரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பணம் கொடுத்து வாங்கிய கனம் அது. இன்றும் வேகப் பிரியர்களின் கார் கனக்கிறது என்றால், வளையமும் டயரும் மாற்றப்பட்டவையா என்று கேட்டுவிட்டே மேலே செல்ல வேண்டும்.

வேகத்தை முன்வைத்து விற்கப்பட்ட ஹேட்ச்பேக்குகளில் 2001-இல் அறிமுகமான ஃபியட் பாலியோவின் 1.6 ஜிடிஎக்ஸ் தனி இடம் பெற்றது. ஏறத்தாழ 100 குதிரைத்திறன், கனத்த முன்பகுதி, எஞ்சின் பெல்ட்டால் சுழலும் பம்பைக் கொண்ட ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். கனம் முதன்முறையாகப் பல முகங்கள் கொண்ட நோயாயிற்று. அதைப் பிரித்தறிய எப்போது, எந்தப் பக்கம் என்ற கேள்விகள் தேவைப்பட்டன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கனத்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இலகுவானால் பெல்ட் வழுக்குகிறது அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் ஸ்டீயரிங் ராக்கினுள் வால்வோ சீலோ கெட்டிருக்க வேண்டும். எண்ணெய் நுரைத்துப் பம்ப் முனகினால் எங்கோ காற்று புகுகிறது. கனத்தோடு, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நடுநிலைக்குத் திரும்பாவிட்டால் அது பம்பின் குற்றமாக இருப்பது அரிது. ஸ்ட்ரட்டின் மேல்முனை பேரிங்கோ பால் ஜாயிண்ட்டோ இறுகியிருக்கும். இந்தக் கடைசி வகையே அஞ்சத்தக்கது. நெடுஞ்சாலை வேகத்தில், திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும் சக்கரத்தை ஓட்டுநர் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய ஒரு சோதனை, பம்பும் பெல்ட்டும் இல்லாத காலத்தது. எஞ்சினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பாதுகாப்பாக முட்டுக்கொடுத்து, டயரைத் தரையிலிருந்து விடுவித்துவிட வேண்டும். அப்போதும் திருப்பக் கடினமானால் இறுக்கம் பொறியமைப்புக்குள் இருக்கிறது. டை ராட் எண்டுகளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்பினால் அது சக்கரத்தின் பக்கமா, ராக்கும் ஸ்டீயரிங் தண்டும் உள்ள பக்கமா என்பது தெளியும். தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்திருந்தால் ஒரு சுற்றில் சில கோணங்களில் மட்டும் கை தட்டுப்படும். தூக்கியதும் சீராகத் திரும்பினால் டயரின் காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், துணை விசை ஆகியவற்றை அந்த வரிசையிலேயே பார்க்கலாம். காற்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

2005-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஸ்விஃப்ட்டில் எண்ணெயும் பம்பும் போய் மின்மோட்டார் வந்தது. தாய் நிறுவனமான சுசுகி 1988-இலேயே தன் செர்வோ காரில் மின்சார பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தியிருந்தது. ஓயாமல் எஞ்சினின் வலிமையை உறிஞ்சும் பம்ப் இல்லை. திருப்பும்போது மட்டும் மின்சாரம் செலவாகும். சிற்றெஞ்சின் கார்களுக்கு இது பெரும் ஆதாயம். பழுதுகளும் புதியவை. பேட்டரி நலிந்தாலோ எர்த் கேபிள் அரித்தாலோ மோட்டாருக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காது. நெருக்கடியான இடத்தில் இடைவிடாமல் முன்னும் பின்னும் திருப்பினால் மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் துணையைக் குறைக்கும், ஆறியதும் மீளும். அதைப் பழுது என்று சொல்வதற்கில்லை.

பட்டறையின் அதிகாரம் கிரீஸ் துப்பாக்கியிலிருந்து ஸ்கேனருக்கு மாறியதும் இந்தக் கட்டத்தில்தான். டார்க் சென்சார் கெட்டால் ஸ்கேனர் குறியீட்டு எண்ணைக் காட்டும். துருப்பிடித்த ஜாயிண்ட்டுக்கு அதனிடம் எண் கிடையாது, இறுகிய ஸ்ட்ரட் பேரிங்குக்கும் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு: மோட்டார் நன்றாக உழைக்கும்வரை மூட்டின் இறுக்கத்தை மூடி மறைத்துவிடும். கையில் கனம் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மூட்டுகளில் இப்போது கிரீஸ் நிப்பிளும் இல்லை. ரப்பர் உறை கிழிந்து நீர் புகுந்தால் முழு மூட்டையே மாற்ற வேண்டும். அந்த உறையைக் குனிந்து பார்க்காமல், மோட்டாரோடு கூடிய ஸ்டீயரிங் தண்டு முழுவதையும் பெருஞ்செலவில் மாற்றிக்கொண்டு வீடு திரும்பும் உரிமையாளரின் கையில், முதல் திருப்பத்திலேயே அதே பழைய கனம் தட்டுப்படும்.