ஆற்றுகையும் ஆற்றுப்படுத்தலும்

யாழ்ப்பாணத்தில் கலையை மருந்தாக்கிய முன்னோடிகளுள் குழந்தை ம. சண்முகலிங்கம் முதன்மையானவர். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை க. சிதம்பரநாதன் 1985இல் நெறிப்படுத்தினார்.

1990க்குப் பின், போர்க்காலத்தில், யாழ். குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அருமையாய்க் கிடைத்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த இருட்டில்தான், 1991இல், போரின் உளக்காயத்தைப் பேசிய சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ நாடகம் பிறந்தது. அவர் படைப்புகளில் மிகத் துணிவானது அதுவே எனலாம். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற நூலில் ஆராய்ந்ததும் இதே காயத்தைத்தான். சிதம்பரநாதனோ பின்னர் அரங்கச் செயற்பாட்டுக் குழு வழியாக, பார்வையாளரையே பங்காளராக்கும் களப்பயிற்சிகளுக்கு நகர்ந்தார். மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றமும் போர்க்காலம் முழுதும் மேடையைக் கைவிடவில்லை.