ஜெயிச்ச பிறகு என்ன செய்யறது? (நாலு கட்டக் கதை)

திட்டக் கூட்டம்னா நமக்கெல்லாம் பழகின காட்சிதான். ஒரு சார்ட் பேப்பர், அதுல நாலு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். ஸ்வாட் அலசலாம்! நான் இருந்த தன்னார்வக் குழுவிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதித் தள்ளினோம். டீயும் சமோசாவும் முடிஞ்சதும் சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல வெச்சாச்சு. அடுத்த வருஷமும் அதே மாலை நேர டியூஷன்தான். பக்கத்துப் பள்ளியே மாலை வகுப்பு ஆரம்பிச்சிட்டதால, அஞ்சு பிள்ளைங்களுக்கு மூணு வாத்தியார் :-)

இது எங்க வியாதி மட்டும் இல்லைங்க. ஹில், வெஸ்ட்புரூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்ட ஸ்வாட் பட்டியல்களைப் பார்த்துட்டு 1997ல் எழுதினாங்க. சராசரியா 40க்கு மேல் அம்சங்கள். எது முக்கியம்னு வரிசை கிடையாது, உண்மையான்னு சரிபார்த்ததும் கிடையாது. அடுத்து திட்டம் போடும்போது ஒருத்தரும் அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை!

இந்த முறை 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் 'சாஃப்ட்' என்ற பேரில் முளைச்சது. ஆல்பர்ட் ஹம்ஃப்ரிதான் தந்தைன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க. 2023ல் வந்த ஓர் ஆய்வு, ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவரை முன்னால கொண்டு வந்து நிறுத்துது. நான் சொல்ல வந்தது அதுக்கும் முன்னாடி, ஸ்வாட் என்ற பேரே இல்லாதப்போ நடந்த கதை.

1938ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இளம்பிள்ளை வாதத்தை (போலியோதான்) ஒழிக்க ஓர் அமைப்பு தொடங்கினார். ஆளுக்குப் பத்து சென்ட் நாணயம் ஒண்ணு வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கன்னு நடிகர் எடி கேன்டர் வானொலியில் கேட்க, 26 லட்சத்துக்கு மேல் நாணயங்கள் வந்து குவிஞ்சது. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பேர் அப்படி ஒட்டிக்கிச்சு. பின்னாளில் தாய்மார்கள் வீடு வீடா ஏறி வசூல் பண்ணினாங்க. 1952ல் மட்டும் சுமார் 58,000 பேருக்கு அந்த நோய். 1954ல் இவங்க பணத்தில்தான் ஏறத்தாழ 18 லட்சம் பிள்ளைகளை வெச்சு சால்க் தடுப்பூசிச் சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12: தடுப்பூசி பலிக்குதுன்னு அறிவிப்பு வந்துச்சு!

இப்போ நாலு கட்டம் போட்டுப் பாருங்க. பலம்: ஊர் ஊரா தன்னார்வலர்கள், பணம் திரட்டும் பழக்கம். பலவீனம்: பேரே ஒரு வியாதியோட பேர். வாய்ப்பு: குழந்தைகளைப் பாதிக்கும், யாரும் பெருசா கவனிக்காத வேற பிரச்சினைகள். அச்சுறுத்தல்? அவங்க ஜெயிச்சதுதான்! வெற்றியை அந்தக் கட்டத்தில் எழுத யாருக்குங்க மனசு வரும்?

அவங்களுக்கு வந்தது. 1958ல் பேரில் இருந்த வியாதியை எடுத்தாங்க. பிறவிக் குறைபாடுகளையும் மூட்டுவாதத்தையும் புது இலக்கா வெச்சாங்க. ரெண்டும் தாங்காதுன்னு தெரிஞ்சதும் மூட்டுவாதத்தைச் சில வருஷத்தில் கைவிட்டாங்க. பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் முறையைத் தந்த டாக்டர் வர்ஜினியா அப்கார், 1959ல் இவங்களோட சேர்ந்தார். 2003ல் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்க இன்னொரு இயக்கம்.

வேலை முடிஞ்சா கடையை மூடறதும் நேர்மையான முடிவுதான். ஆனா ஏதாவது ஒரு முடிவு எடுக்கணும் இல்லையா? நாலு கட்டத்துக்குக் கீழ ஒரே ஒரு வரி சேருங்க: 'இதனால் எதை நிறுத்தறோம், எதைத் தொடங்கறோம்?' அது காலியா இருந்தா, மேல எழுதினது வெறும் மை.

பள்ளியே மாலை வகுப்பு ஆரம்பிச்சது எங்க குழுவுக்குத் தோல்வி இல்லை, நாங்க கேட்டதுதான் நடந்திருக்கு. அது எனக்கு இத்தனை வருஷம் கழிச்சுத்தான் உறைக்குது.