ஏழை ஊரில் மருத்துவமனை எழுந்த வரலாறு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழாக் குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. “விழாவின் நினைவாகத் திருக்கனூர் வட்டாரத்து ஏழை மக்களுக்கு ஒரு தரும மருத்துவமனை கட்டினால் என்ன?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். “கூலி வேலை செய்து பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரும் நமக்கு இந்த ஆசை தகுமா?” என்று மற்றொருவர் கேட்டார். இரண்டு வினாக்களும் நேர்மையானவை. அன்று நாம் விடை கூறவில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்த்த பின்னர் இப்போது கூற முற்படுகிறோம்.

1970களின் இறுதியில், நாம் சிறுவராக இருந்த காலத்தில், எங்கள் சிற்றன்னையார் பிள்ளைப்பேற்று வேதனையில் இரண்டு நாள் துடித்தார். ஐப்பசி மழை. சங்கராபரணி பெருகி ஓடிற்று. கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தினர். பேருந்துச் சாலையை அடையும் முன்பே தாயும் சேயும் உயிர் நீத்தனர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு 1823. அதன் வழிவந்த ஜிப்மர் 1964 முதல் கோரிமேட்டில் இயங்கி வந்தது. மருத்துவம் நம் நாட்டில் இருந்தது. நம் தெருவுக்கு மட்டும் வரவில்லை. இந்த இடைவெளியை மற்றவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதற்கு மூன்று ஊர்களின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது ஊர் நமக்கு மிக அண்மையில் உள்ள திண்டிவனம். 1890-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அங்கே மருத்துவத் தொண்டு புரிந்த ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் மகள் ஐடா, நோயுற்ற தாய்க்குத் துணையாக வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவு பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். மகப்பேற்றில் தவிக்கும் தம் மனைவியைக் காக்க ஐடாவை அழைத்தார். “நான் மருத்துவம் அறியேன், என் தந்தையார் வருவார்” என்றார் ஐடா. அயல் ஆடவரைத் தம் வீட்டுப் பெண்ணிடம் விட இயலாது என்று வந்தவர் திரும்பிவிட்டார். அதே இரவில் இசுலாமியர் ஒருவரும், உயர்சாதி இந்து ஒருவரும் அவ்வாறே வந்து, அவ்வாறே திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

தோழர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். கல்லெறி தூரத்தில் மருத்துவர் இருந்தார்; மருந்தும் இருந்தது. வழக்கம் என்னும் சுவரே மூன்று உயிர்களைக் கொன்றது. பிறரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய சமூகத்தில் உயர்ந்த குடிப் பெண்களும் அச்சுவருக்குத் தப்பவில்லை.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902-இல் நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனால் அவர் கட்டடத்துள் அமர்ந்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று, வழியோர ஊர் மக்களுக்கு மருந்து அளித்தார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே அரிது என்று எள்ளினர் சிலர். வந்த விண்ணப்பங்களோ 151. அன்றைய பள்ளியே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

அந்தக் கல்லூரியில் பயின்ற இருவரே நம் இரண்டாவது வரலாற்றுக்கு உரியவர்கள். ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970-இல் மகாராட்டிர மாநிலத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடுக்குச் சென்றனர். பழைய கால்நடை மருந்தகக் கட்டடம் ஒன்றில் அவர்களது பணி தொடங்கிற்று. நோயாளிகளைக் குணப்படுத்தி அனுப்பினர். சில நாட்களில் அதே நோயோடு அவர்கள் திரும்பினர். அழுக்கு நீரும், அரை வயிற்று உணவும், அறியாமையும் ஊரில் இருக்கும் வரை மருந்துப் புட்டியால் பயன் குறைவே என்று அவர்கள் உணர்ந்தனர்.

ஆகவே ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சி தந்தனர். அப்பெண்களுள் பலர் எழுத்தறியாதவர். பலர் தலித் குடியினர். கருவுற்ற தாயைக் கவனித்தல், பாதுகாப்பாகப் பேறு பார்த்தல், வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் புகட்டுதல், குழந்தையின் எடையை நிறுத்துப் பார்த்தல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். வாசற்படி ஏறக்கூடாது என்று விலக்கப்பட்டிருந்த பெண்ணை, குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது மேல்சாதி வீட்டார் உள்ளே அழைத்தனர். குடிநீருக்குக் குழாய்க் கிணறு தோண்டிய காலத்து, அதனைத் தலித் மக்களின் குடியிருப்பில் அமைக்க ஆரோலே தம்பதியர் ஏற்பாடு செய்தனர். தண்ணீர் வேண்டுமாயின் ஊரார் அனைவரும் அங்கு வந்தே தீர வேண்டியதாயிற்று. எத்தனையோ மேடைப் பேச்சுகள் செய்யாததை ஒரு கைப்பம்பு செய்தது. 1979-இல் இவ்விருவருக்கும் மகசேசே விருது வழங்கப்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள் ஆரம்ப சுகாதாரமே அனைவருக்கும் நலம் தரும் வழி என்று அறிக்கை வெளியிட்டிருந்தன.

மூன்றாவது ஊர் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே மலையாளிப் பழங்குடியினரும் இலம்பாடி மக்களும் வாழும் பள்ளத்தாக்கு அது. அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்த காலம் ஒன்று உண்டு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் இளம் மருத்துவர் இருவர் அங்குச் சென்றனர். ஊர் மக்களே ஒரு குடிசை எழுப்பித் தந்தனர். ஒரு நூறு வாட் விளக்கின் ஒளியில், மரப்பலகையின் மீது, நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. மூன்றாண்டுகள் அக்குடிசையே மருத்துவமனை. பின்னர் நண்பர்களின் உதவியால் பத்துப் படுக்கைக் கட்டடம் எழுந்து, அதுவே முப்பத்தைந்து படுக்கை கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது. அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் ஆய்வகப் பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். சிறுதானியமும், இயற்கை வேளாண்மையும், இலம்பாடிப் பெண்களின் பூத்தையலும் அதே முயற்சியின் கிளைகளாயின. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருபது என்னும் அளவுக்கு இறங்கிற்று.

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கே நோக்கினால் சில உண்மைகள் தாமே விளங்கும். சிறிய அறை, கால்நடை மருந்தகம், குடிசை ஆகியவற்றிலேயே இவை தொடங்கின. பெரும்பணமும் பெருங்கட்டடமும் பின்னரே வந்தன. பயிற்சி பெற்ற பெண்களே இவற்றின் தூண்களாயினர். ஒதுக்கப்பட்ட மக்கள் ஜாம்கேடிலும் சிட்டிலிங்கியிலும் உதவி பெறுவோராக மட்டும் நின்றுவிடாமல், உதவி செய்வோராகவும் உயர்ந்தனர்.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஐடாவுக்கு அயல்நாட்டு நன்கொடை கிடைத்தது. மற்ற இரண்டு ஊர்களுக்கும் முழுத் தகுதி பெற்ற மருத்துவர்கள் தாமே முன்வந்தனர். நம்மிடம் இன்று அவ்விரண்டும் இல்லை. ஆதலின் நாளையே அடிக்கல் நாட்டுவோம் என்று கூறினால் அது வெற்றுரையாகும். அடிக்கல் நாட்டியபின் புல் முளைத்துக் கிடக்கும் மனைகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

மேலும், காலம் மாறியுள்ளது. கட்டை வண்டியின் காலம் போயிற்று. நம் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனிலேயே மருத்துவக் கல்லூரி எழுந்துள்ளது. எனினும் சர்க்கரை நோயையும் இரத்தக் கொதிப்பையும் அறியாமலே வயல் வேலைக்குச் செல்லும் பெரியவர்கள் நம் தெருவில் உள்ளனர். மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் படித்துச் சொல்ல ஆளின்றி மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் தாய்மார் உள்ளனர். பெரிய மருத்துவமனையின் வாயிலில் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்கவும் கூசி வீடு திரும்புவோர் உள்ளனர். சாலை குறைத்த தூரத்தைக் கூச்சமும் அறியாமையும் மீண்டும் நீட்டிவிடுகின்றன.

எனவே நம் விடை இதுவே. மருத்துவமனை கட்டும் ஆசை தகும். ஆனால் அதனை ஆட்களிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் நம் பெண்பிள்ளை ஒருத்தியையேனும் செவிலியர் படிப்புக்கு அனுப்புவோம். கழகக் கட்டடத்தின் முன்னறையை வாரம் ஒரு நாள் திறந்து, இரத்தக் கொதிப்புப் பார்க்கவும், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் இளைஞர் இருவரை அமர்த்துவோம். அந்த அறைக்குச் சாதி கேட்காமல் அனைவரும் வரட்டும். நம்மைத் தொட மறுத்தவரின் பேரனும் வந்து நம் பெண்ணிடம் கை நீட்டி நாடி காட்டட்டும்.

இளைஞர்களே, நாம் இப்பணியின் முடிவைக் காணாமல் போகலாம். பொன் விழா மலரை எழுதுவோர் நீங்கள். எங்கள் சிற்றன்னையாரைப் போல் வழியில் மாண்டவர் இனி நம் ஊரில் எவரும் இல்லை என்று அதில் எழுதும் நிலையை உண்டாக்குங்கள். அதுவே இக்கழகத்துக்கு நீங்கள் செலுத்தும் கைம்மாறு.