ஜப்பானியக் கைமருத்துவம்: மூன்று முறைகளும் பார்வையற்றோரின் தொழிலுரிமையும்

ஜப்பானில் உடம்பு பிடித்துவிடுவதைத் தொழிலாகச் செய்ய அரசு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தின் பெயரிலேயே அன்மா, மசாஜ், ஷியாட்சு என மூன்று முறைகள் சேர்ந்து நிற்கின்றன. மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவையும் அல்ல, ஒரே நாட்டில் தோன்றியவையும் அல்ல. இவற்றை மதிப்புள்ள தொழிலாக நிலைநிறுத்தியதில் பார்வையற்றோருக்கே முதன்மைப் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு.

அன்மா சீனத்திலிருந்து வந்தது. 8ஆம் நூற்றாண்டின் யோரோ சட்டத்தொகுப்பு, அரசு மருத்துவத் துறையில் அன்மா ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடம் வகுத்திருந்தது. ஆனால் அது மக்களிடையே தழைத்தது எடோ காலத்தில் (1603–1868). அப்போதைய பெரும் திருப்பம் சுகியாமா வாய்ச்சி (1610–1694). இளமையிலேயே பார்வையிழந்த இவர், ஊசி மருத்துவத்தில் மெல்லிய குழாய் வழியே ஊசியைச் செலுத்தும் முறையை வளர்த்தவர். ஊசி குத்த வேண்டிய இடத்தை விரல் தடவிக் கண்டுகொள்ளும். ஊசி விலகாமல் குழாய் பார்த்துக்கொள்ளும். ஐந்தாம் தொகுகாவா ஷோகன் சுனயோஷியின் ஆதரவுடன், பார்வையற்றோருக்கு ஊசி மருத்துவமும் அன்மாவும் கற்பிக்கும் பள்ளியை நடத்தினார். பாரிஸில் வாலண்டைன் அவீ 1780களில் பார்வையற்றோர் பள்ளி தொடங்குவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய செய்தி இது. கல்வி வரலாற்று நூல்கள் இதற்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும்.

அன்மாவில் ஆடையின் மேலேயே பிசைந்து பிடிப்பார்கள். உடலின் நடுவிலிருந்து கை கால் நுனி நோக்கிப் போவது மரபு. வயிற்றை நீவும் தனிக்கிளையும் உண்டு. 1827இல் ஓட்டா ஷின்சாய் அதைப் படங்களுடன் நூலாக்கினார். எடோவை அடுத்த மெய்ஜி காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த மசாஜின் போக்கு இதற்கு நேரெதிர். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கெயோர்க் மெட்ஸ்கர் (1838–1909) வழியில் பரவிய அம்முறையில், வெறுந்தோலின் மேல் இதயத்தை நோக்கி நீவுவார்கள். சிரை இரத்தமும் நிணநீரும் திரும்பும் திசையைப் பின்பற்றுவதே அதன் அடிப்படை. ஷியாட்சு 20ஆம் நூற்றாண்டுக்குரியது. கட்டைவிரலால் நேராக அழுத்திச் சில நொடிகள் அப்படியே நிறுத்துவார்கள். அதைப் பரப்பிய தொகுஜிரோ நமிகோஷி 1940இல் டோக்கியோவில் பயிற்சிக்கூடம் நிறுவினார்.

பயன்களை அளவோடு சொல்வதே நேர்மை. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் குறுகிய காலத் தணிவு தரக்கூடும் என்று 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. அதற்குரிய சான்றுகள் வலுக்குறைந்தவை என்றும் அதுவே குறிப்பிட்டது. இறுக்கம் தளர்வதையும் மனம் அமைதியடைவதையும் பலர் உணர்கிறார்கள். ஆனால் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பவருக்குக் கால் பிடித்துவிடுவது ஆபத்து. எனவே முறையான பயிற்சியும் உரிமமும் வெறும் சடங்கல்ல.

அந்த உரிமம் எளிதில் கிடைத்துவிடவில்லை. பார்வையற்றோரின் பழைய சங்கமான தோதோசாவை அரசு 1871இல் கலைத்தது. தலைமுறைகளாக இருந்த சலுகைகள் பறிபோயின. 1911ஆம் ஆண்டு விதிகள் அன்மாவுக்குத் தேர்வு கொண்டுவந்தபோது பார்வையற்றோருக்குத் தனிப்பிரிவு வைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல், நாட்டை ஆக்கிரமித்திருந்த நேசநாட்டுத் தலைமையகம் இம்மரபுத் தொழில்களையே நிறுத்த எண்ணியது. பிழைப்பு போய்விடும் என்று பார்வையற்றோர் திரண்டு போராடினர். அவ்வாண்டு டிசம்பரில் தடைக்குப் பதிலாக உரிமச் சட்டம் வந்தது. 1955இல் ஷியாட்சுவும் அதில் சேர்ந்தது.

1964இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பார்வையற்றோரின் வாழ்வாதாரத்தைக் காக்கத் தேவையென்றால், பார்வையுள்ளோருக்கான புதிய பயிற்சிக்கூடங்களுக்கு அரசு ஒப்புதல் மறுக்கலாம் என்றது அது. தொழில் தேர்வுச் சுதந்திரத்துக்கு இது எதிரானது என்று ஒரு கல்வி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. சுதந்திரத்தின் பெயரால் எழுந்த அந்தக் கேள்வி வலுவானதுதான். ஆனால் நூற்றாண்டுகளாக இக்கலையைக் காத்தவர்களுக்கு மாற்றுத் தொழில்கள் இன்னும் குறைவு என்பதை நினைக்கையில், அந்தப் பாதுகாப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். 2022 பிப்ரவரி 7 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம், 19ஆம் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது.